தங்கச்சியின் தாமரையும் மகளின் கிளியும்

வணக்கம் டொக்டர்,

நான் முள்ளியவளைப் பக்கம். வயது 44. 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோதுதான் மணி வேலை பழகினேன். ஊருக்குத் திரும்பிய பிறகு மணிப் பை கோர்த்துக் கடைக்குக் கொடுத்துத்தான் வீட்டைப் பார்த்தேன். ஒரு மணி பிழைத்தாலும் பையைத் திருப்பித் தந்துவிடுவார்கள், காசு இல்லை. தங்கச்சிக்கும் மச்சாளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மணி கோர்க்கும் தங்கூசி நூலைப் பிடிக்கவே தெரியாமல் இருந்தவள் தங்கச்சி. மார்கழி லீவுக்கு அம்மா வீட்டில் எல்லோரும் கூடி, பொங்கலுக்கு வாசலில் தொங்கவிட மணித்தோரணம் கோர்ப்பது எங்கள் வழக்கம்.

இப்போது அவள் கிளிநொச்சியில் இருந்துகொண்டு பேஸ்புக்கில் ஓடர் எடுத்துப் பை விற்கிறாள். அதில் இருக்கும் தாமரை டிசைன் என்னுடையது. கொப்பியில் கட்டம் கீறி, மணிக்கு மணி எண்ணி நான் உண்டாக்கியது. ‘அக்காவிடம் பழகினேன்’ என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? அம்மாவோ ‘சின்னவள் கெட்டிக்காரி’ என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறா. அண்ணா கனடாவில் இருந்து அனுப்பும் நல்ல மணிகளும் முதலில் அவளுக்குத்தான். அவளுடைய வேலை சுத்தமும் இல்லை. கரை இழுபட்டிருக்கும், முடிச்சு வெளியே தெரியும். அதற்கும் ‘வடிவாயிருக்கு’ என்று ஆட்கள் எழுதுகிறார்கள். என் தாமரை என்று யாருக்குத் தெரியும்?

லீவில் பிள்ளைகளுக்கும் இப்போது அவள்தான் தலைவி. என் மகளுக்கு 13 வயது. போன லீவில் தோரணத்துக்கு ஒரு கிளி கோர்த்தாள். செட்டைப் பக்கம் மணி பிழைத்து உருவமே சரிந்துவிட்டது. இரவு நான் அவிழ்த்துச் சரியாகக் கோர்த்து வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதையும் காட்டுவதும் இல்லை, பள்ளிக்கூடக் கொப்பியைக்கூட. லீவென்றால் சின்னம்மா வீட்டுக்கு ஓடுகிறாள். வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும், அதை விடுங்கள்.

தங்கச்சியிடம் டிசைனைப் பற்றி எப்படிக் கேட்பது? இந்த லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போகாமல் விடலாமா?

- முல்லைத்தீவு மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரி,

தங்கச்சி செய்தது சரியில்லை. ‘தாமரைக்குக் கீழே என் பெயரையும் போடு’ என்று அவளிடம் நேரே கேளுங்கள். அம்மாவைத் தூது விட வேண்டாம். அவள் போட்டால் நல்லது, போடாவிட்டால் கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கதை அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் ‘அதை விடுங்கள்’ என்று எழுதிய இடத்தை என்னால் விட முடியவில்லை. உங்கள் கையால் வந்ததை இன்னொருவர் கேட்காமல் எடுத்துவிட்டார் என்பதுதானே உங்கள் மனவருத்தம்? மகளுடைய கிளிக்கும் அதுதான் நடந்தது. தங்கச்சி உங்கள் தாமரையை எடுத்தாள், ஆனால் அவிழ்க்கவில்லை. நீங்கள் அவிழ்த்தீர்கள், அதுவும் பிள்ளை நித்திரையான பிறகு. விடிய எழும்பிப் பார்த்தவளுக்கு அங்கே இருந்தது உங்கள் கிளி. இதை வாசிக்க உங்களுக்குச் சுடும், தெரியும்.

உங்கள் கை ஏன் அப்படிச் செய்தது என்பதும் எனக்கு விளங்குகிறது. மணி வேலையில் ஒரே தங்கூசி பக்கத்துச் சுற்றில் உள்ள மணிக்குள்ளும் திரும்பப் போய் வர வேண்டும். ஒன்று பிழைத்தால் அடுத்த வரிசை எல்லாம் நகர்ந்துவிடும், அவிழ்க்காமல் திருத்தவும் முடியாது. பிழைத்த பைக்குக் காசில்லை என்ற காலத்தில் அந்தக் கண்டிப்புத்தான் உங்கள் வீட்டில் உலை வைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மகளுடைய கிளியோ கடைக்குப் போக இருந்ததில்லை. அம்மம்மா வீட்டு வாசலில் ஆட இருந்தது.

தங்கச்சியின் வீட்டில் கரை இழுபட்டாலும் வடிவு என்கிறார்கள். பிள்ளை அங்கே ஓடாமல் வேறு எங்கே ஓடுவாள்? ஓடிய இடம் சின்னம்மா வீடாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அந்த வழியை அடைத்துவிடாதீர்கள். லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போங்கள்.

எனக்குப் பயம் தருவது கொப்பிதான். பிழை உள்ள எதையும் அம்மாவிடம் காட்டக்கூடாது என்று பழகிய பிள்ளை, நாளைக்கு பஸ்ஸில் ஒருவன் சேட்டை விட்டாலும், போனில் யாராவது வெருட்டினாலும், அதிலும் தன் பிழை ஏதோ இருக்கிறது என்று நினைத்தால் மூடி வைத்துவிடுவாள். சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது. அதை அழுத்தத் தோன்றுவதற்கு முன்னர் ‘அம்மா’ என்று கூப்பிடத் தோன்ற வேண்டும்.

பெரிய மன்னிப்பு நாடகம் தேவையில்லை. ‘உன் கிளியை நான் அவிழ்த்தது பிழை’ என்று ஒருமுறை சொல்லுங்கள். ‘உன் நன்மைக்குத்தான்’ என்று பின்னால் ஒட்ட வேண்டாம். அப்புறம், சின்னம்மாவிடம் பழகிய ஏதாவது ஒன்றை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். உடனே வர மாட்டாள், சந்தேகப்படுவாள், பொறுங்கள். மறுபடி எதையாவது காட்டினால், பிழை முதலில் கண்ணில் படத்தான் செய்யும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாவது பாருங்கள். சாப்பாடு, நித்திரை குறைந்தாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ வகுப்பாசிரியரோடு கதைத்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அண்ணா யாருக்கு முதலில் மணி அனுப்புகிறார் என்பதற்கு அடுத்த கடிதத்தில் பதில் சொல்கிறேன், அப்போதும் அது உங்களுக்கு ஒரு கேள்வியாக இருந்தால்.