சைபீரியாவில் நிலமே உறைந்து கிடக்க, ஏரித் தண்ணீர் மட்டும் அடியில் எப்படி உறையாமல் இருக்கிறது?

முதலில் ஒரு திருத்தம்: எல்லா ஏரியும் தப்புவதில்லை. ஆழம் போதாத ஏரி தரைவரை உறைந்துவிடும்.

யாகூட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்பவர் கிணறு தோண்டினார். 1837-இல் 116 மீட்டரை எட்டியும் உறைந்த மண்தான். பக்கத்தில் ஓடும் லேனா ஆற்றிலோ கடுங்குளிரிலும் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

"4 டிகிரி தண்ணீர்தான் கனமானது, அது அடியில் தங்கிவிடும்" என்று பள்ளியில் படித்திருப்போம். சரிதான், ஆனால் பாதிக் கதை. ஆழமில்லாத ஏரியைக் காற்று கலக்கி 4 டிகிரிக்கும் கீழே கொண்டுபோய்விடும். உண்மையான காவல், மேலே மூடும் பனிக்கட்டிதான். ஒரு கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். அதே வெப்பம் 0 டிகிரி தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடும். அவ்வளவும் பனிக்கட்டியைத் துளைத்துத்தான் மேலே போயாக வேண்டும். கட்டி தடிக்கத் தடிக்க வழி நீள்கிறது. அதன்மேல் புதுப்பனி விழுந்தால் கம்பளி போர்த்திய மாதிரி. பனிக்கட்டி கடத்துவதில் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூட அது கடத்தாது. கோடையில் சூடேறிய அடிச்சேறும் குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பம் தருகிறது.

அலாஸ்காவின் வடகரையில் குளிர்கால முடிவில் பனிக்கட்டி ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தடிமன். ஏரியின் ஆழம் அதைவிடக் குறைவென்றால் பனிக்கட்டி தரையைத் தொட்டுவிடும். அசையாத தண்ணீரைவிடப் பனிக்கட்டி நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், அடிமண்ணின் வெப்பமும் தாராளமாக வெளியேறும். நிலம் உறைந்தே இருக்கும். ஆழம் சற்றே கூடுதல் என்றால் கதை தலைகீழ். தரையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் நிற்கும். கீழே உள்ள நிலம் நூற்றாண்டுக் கணக்கில் இளகிக்கொண்டே போகும். அப்படி இளகிய பகுதியைத் தாலிக் என்பார்கள். பெரிய ஏரிகளில் அது உறைநிலத்தை முழுதாகத் துளைத்துவிடுவதும் உண்டு. அரை மீட்டர் வித்தியாசம் இவ்வளவு தூரம் போகிறது! குளிர்காலம் மிதமாகி பனிக்கட்டி மெலியும்போது, இதுவரை தரைவரை உறைந்த ஏரிகளிலும் இளக்கம் தொடங்குவது இதனால்தான்.

ஆற்றுக்கு அந்த 4 டிகிரிக் கணக்கே செல்லாது. ஓட்டம் எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் மேலிருந்து அடிவரை 0 டிகிரிதான். மேகமில்லாத இரவில், இன்னும் மூடாத ஆற்றுநீர் 0-க்கும் கீழே டிகிரியில் நூற்றில் சில பங்கு இறங்கும். உடனே நுண்ணிய பனித்துகள்கள் தண்ணீர் முழுக்கத் தோன்றி அடிக்கற்களில் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறியதும் அவை பிடிவிட்டு, கூழாங்கற்களையும் தூக்கிக்கொண்டு மேலே மிதந்து வரும்.