கொடைக்கானலில் சிறிய காட்டேஜ் நடத்துகிறோம். போனில் குவிந்திருக்கும் விருந்தினர்களின் ஆதார் படங்களை என்ன செய்வது?

பள்ளங்கி பக்கம் நான்கு அறை, புக்கிங்கும் ஐடியும் வாட்ஸ்அப்பில், படங்கள் உங்கள் போனிலும் மேனேஜர் போனிலும் என்று எழுதியிருக்கிறீர்கள். அழிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் புதிய படங்கள் வந்து சேர்வதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மே சீசன் முடிவதற்குள் அதே அளவு மறுபடி சேர்ந்துவிடும்.

வருபவர் யார் என்று தெரிந்துகொள்ள அட்டையை நேரில் பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. பதிவேட்டில் பெயர், முகவரி, செல் நம்பர், வண்டி நம்பர், வந்த நேரம், கிளம்பிய நேரம், எந்த அட்டை, அதன் கடைசி நான்கு இலக்கம், கையெழுத்து. உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கூடுதலாக ஏதாவது கேட்டால் அதையும் சேருங்கள். ஆதார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்; லைசென்ஸோ வாக்காளர் அட்டையோ இருந்தாலும் ஆளை அடையாளம் தெரியும்.

நகல் வாங்கியே ஆக வேண்டும் என்றால் மாஸ்க்டு ஆதார் கேளுங்கள். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, டவுன்லோட் செய்யும்போது மாஸ்க்டு என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் வரும். பிடிஎஃபின் பாஸ்வேர்ட், பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். நம் ஊர்க்காரர்கள் சிக்கிக்கொள்வது இனிஷியலில்தான். கார்டில் இனிஷியலும் புள்ளியும் முன்னால் இருந்தால் அவையும் கணக்கில் வரும், இடைவெளி வராது. பி. குமார், 1990 என்றால் பி, புள்ளி, கே, யு, 1990. இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஓடிபிக்குக் காத்திருந்து எரிச்சல்தான் மிஞ்சும். செல் நம்பரை ஆதாரில் இணைக்காதவருக்கு இந்த வழியே கிடையாது. வேறு அட்டை வாங்குங்கள்.

சிலர் போன் பேனாவால் நம்பர்மேல் கறுப்பாகக் கிறுக்கி அனுப்புவார்கள். ஹைலைட்டர் போன்ற மெல்லிய பிரஷ் என்றால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் எண்கள் எட்டிப் பார்க்கும். மாஸ்க்டு நகலிலும் முகவரி அப்படியே இருக்கும். க்யூஆருக்குள் பெயர், முகவரி, போட்டோ எல்லாம் உண்டு. அந்த க்யூஆர் உங்களுக்கும் உதவும். ஆதாரை வழங்கும் யூஐடிஏஐ அமைப்பின் ஆதார் க்யூஆர் ஸ்கேனர் ஆப்பில் காட்டினால், டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து அட்டை உண்மையானதா என்று சொல்லிவிடும். சாதாரண ஸ்கேனரில் ஒரு நீண்ட எண் வரிசைதான் வரும், அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி பழைய குவியல். சாட்டில் அழித்தால் மட்டும் போகாது. கேலரியில் ஒரு பிரதி, கூகுள் போட்டோஸில் ஒன்று, சாட் பேக்கப்பில் ஒன்று, பிரிண்ட் போட அனுப்பிய ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஒன்று. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நேரில் போய் அழிக்கச் சொல்லுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். பிறகு சாட் பேக்கப்பைப் புதிதாக ஒருமுறை எடுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் மீடியா விசிபிலிட்டியை அணைத்தால், இனி வரும் படங்கள் கேலரிக்குப் போகாது. மறையும் மெசேஜை 7 நாளுக்கு வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே கேலரியில் இறங்கியதை அது தொடாது. ஜெராக்ஸ் தாள்களை எடைக்குப் போடாதீர்கள், கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும். காட்டேஜில் ஃபயர்ப்ளேஸ் இருந்தால் வேலை சுலபம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், ஆம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நான்கு அறைக்காரர் மேல் அவ்வளவு விழும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் தரவை வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதில் சின்ன காட்டேஜ், பெரிய ரிசார்ட் என்ற வித்தியாசம் கிடையாது. கையால் எழுதிய பதிவேடு நோட்டாகவே இருக்கும்வரை இந்தச் சட்டத்துக்குள் வராது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டால் வந்துவிடும்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். அது இலவசம், விருந்தினரே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துத் தருகிறோம் என்று அவர்கள் விவரங்களை நீங்கள் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. சீசன் வேலைக்கு வந்த பையன் ஊருக்குக் கிளம்பும் நாளில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸைத் திறந்து, அவர் பயன்படுத்திய போனையும் லேப்டாப்பையும் லாக் அவுட் செய்துவிடுங்கள்.