மாத்திரையை நிறுத்த முடியாது, எடை குறைய வேண்டும்: என்ன செய்யலாம்?

வாசகர் கேள்விகளுக்கு உணவு ஆலோசகர் பதில்

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம், மூட்டெல்லாம் வீங்கி வலிக்கும். அதற்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து, தினமும் காலையில் ஸ்டீராய்டு மாத்திரை. 58 கிலோ இருந்தவள் இப்போது 71. முகம் உப்பிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா சாப்பிடுற போல" என்கிறார்கள். நான் தையல் கம்பெனிக்குப் போகிறேன், வீட்டுக்காரர் லோடு ஏற்றும் வேலை, இரண்டு பிள்ளைகள், ரேஷன் அரிசிதான். போனில் பார்த்தால் ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய் என்கிறார்கள். தெரிந்த அக்கா ஒருவர் எடை குறைக்கும் பொடி டப்பா 2,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஸ்டீராய்டை நானே நிறுத்திவிட்டால் எடை இறங்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். நிறுத்தாதீர்கள். தினமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, அதே வேலையைச் செய்யும் ஹார்மோனைச் சுரக்கிற அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று மாத்திரையை விட்டால் அது உடனே சுரக்க ஆரம்பிக்காது. ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தி, மயக்கம் என்று சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆனால் "அளவைக் குறைக்க வழி இருக்கிறதா" என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டை முடிந்தவரை குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுக்கத்தான் டாக்டர்களும் பார்ப்பார்கள். எந்த மாதம் எத்தனை கிலோ என்று ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். ஓபி கூட்டத்தில் வாயால் சொல்வது காதில் விழாமல் போகலாம், தாள் போகாது.

பொடி வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துக் கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கல்லீரல் மேல் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத ஒரு டப்பாவையும் ஏற்றக்கூடாது. அந்த 2,500 ரூபாய்க்கு, முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தாலும், 350 முட்டைக்கு மேல் வரும். நாளைக்கு மூன்று என்று வீட்டில் பகிர்ந்து சாப்பிட்டால் ஏறக்குறைய நான்கு மாதம்.

"நல்லா சாப்பிடுற போல" என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், கொழுப்பை முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அளவு குறையக் குறைய முகத்தின் உப்பலும் வற்றும். இதில் உங்கள் தப்பு ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. முடக்குவாதமும் சரி, ஸ்டீராய்டும் சரி, தசையைக் கரைக்கும். எடை ஏறிக்கொண்டே இருக்கும், உள்ளே தசை குறைந்துகொண்டே இருக்கும். அதனால் நீங்கள் பட்டினி கிடந்தால் தராசில் எடை குறையும், ஆனால் போவதில் தசையும் சேர்ந்து போகும், அப்புறம் மாடிப்படி ஏற, குடம் தூக்க இன்னும் கஷ்டம். வீட்டில் கூடுதலாக ஒரு ரூபாய் இருந்தால் அது புரதத்துக்குப் போகட்டும், ஓட்ஸுக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் வேண்டாம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை மாதம் தவறாமல் வாங்குங்கள். நான்கு பேருக்கு அது போதாது. கொள்ளும் தட்டைப்பயறும் வெளியில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், துவரம்பருப்பிலும் அதே அளவுதான். நூறு கிராம் மீல்மேக்கரில் 50 கிராமுக்கு மேல் இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. மத்தி மீன் மலிவாக வரும் நாளில் குழம்பு வையுங்கள், பொரிக்காதீர்கள்.

இப்போது எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் ஆகிறது என்று வையுங்கள், பல வீடுகளில் ஆகிறது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும், அதாவது இரண்டு லிட்டர். மிச்சமாகும் இரண்டு லிட்டரில் சுமார் 16,000 கலோரி இருக்கிறது, ஆளுக்கு நாளைக்கு 130 கலோரிக்கு மேல். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, கணக்குப் போட்டால் இந்த ஒரு மாற்றத்திலேயே மாதம் அரை கிலோ இறங்க வழி இருக்கிறது, காசும் மிஞ்சுகிறது. மாதத்துக்கான எண்ணெயை முதல் தேதியே நான்கு பாட்டிலில் ஊற்றி, வாரத்துக்கு ஒன்று என்று எடுங்கள். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து விடுங்கள். எந்த எண்ணெய் நல்லது என்று பிறகு பார்க்கலாம், முதலில் அளவு.

கம்பெனி டீ பெரிய விஷயம். காலையில் மாத்திரை போட்டால் பதினொரு மணிக்கு வயிறு கிள்ளும், அந்த நேரம் பார்த்து டீயும் வடையும் வரும், நான்கு மணிக்கு மறுபடியும் டீயும் பன்னும். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டும் 40 கிராம், மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். பசி நிஜமானது, அதை அடக்காதீர்கள், அதற்கு வேறு சாப்பாடு கொடுங்கள்: டிபன் டப்பாவில் தட்டைப்பயறு சுண்டலோ அவித்த முட்டையோ, பாட்டிலில் நீர்மோர். டீயில் சர்க்கரையை அரை ஸ்பூனுக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும், அதனால் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அரிசியை விட வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. மீதி கால் பங்குதான் சோறு. முருங்கைக்கீரை கிராமத்தில் காசில்லாமலே கிடைக்கும். ஸ்டீராய்டு எலும்பையும் பலவீனமாக்கும் என்பதால் வாரத்தில் சில நாள் கேழ்வரகு களி நல்லது, கால்சியம் அதில் நிறைய. வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் மறுபடி சர்க்கரைக் கணக்குதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒதுக்குங்கள், நீர் கோப்பது குறையும்.

நடக்க முடியாத நாளில் நடக்க வேண்டாம். காலையில் மூட்டு விறைப்பு விட்ட பிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், முடிந்த அளவு. தொடைத் தசைக்கு இதைவிட மலிவான பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் ஓய்வு.

58-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் குறி மூன்றரை கிலோ, அதற்கு ஐந்தாறு மாதம் ஆகட்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைவதாகப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நோய் வேறு, ஆனால் முழங்கால் தாங்கும் பாரம் எல்லோருக்கும் பாரம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்தே மனசு விட்டுப்போகும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, 84 கிலோ. காலை, இரவு இரண்டு வேளை இன்சுலின். செலவில்லாமல் எடை குறைக்க விரதம் நல்லது என்று யாரோ சொல்லி, பத்து நாளாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். நேற்று ராத்திரி வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. தொடரலாமா?
— வாசகி, திருவாரூர்

பதில்: கூடாது, இன்று இரவே அவர் சாப்பிட வேண்டும். இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கும். நேற்று நீங்கள் பார்த்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மறுபடி வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துச் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இப்படி அடிக்கடி சர்க்கரை இறங்கினால் பயத்தில் இனிப்பைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எடை ஏறத்தான் செய்யும்.

நாளைக்கே டாக்டரைப் பார்த்து நேற்று நடந்ததைச் சொல்லுங்கள். சாப்பாட்டைக் குறைப்பதாக இருந்தால் இன்சுலின் அளவையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும், வீட்டில் நாமே செய்யக்கூடாது. அப்படியே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மேலே நான் சொன்ன பருப்பு, முட்டை அளவெல்லாம் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குத்தான், அப்பாவுக்கு எவ்வளவு என்பதை ரிப்போர்ட் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.