மண்டபத்துப் பியானோவில் கை வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் பொது மண்டபத்தில் கச்சேரி செய்ய இடம் கேட்டு இரண்டு இளைஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மேற்கத்தியப் புல்லாங்குழல், மற்றவர் பியானோ. இருவருமே இங்கே பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், இப்போது கோலாலம்பூரில் இருக்கிறார்கள். நவீனப் பரிசோதனை இசை என்கிறார்கள். பட்டியல் இது: வரேஸின் ‘டென்சிட்டி 21.5’, பெரியோவின் ‘செக்வென்சா 1’, இசாங் யுன்னின் ‘காராக்’, ஹென்றி கவலின் ‘தி பேன்ஷி’, கடைசியாக அவர்களே எழுதிய ஒன்று. அந்தக் கடைசி உருப்படியில் பியானோ கம்பிகளுக்கு நடுவே திருகாணியும் ரப்பரும் செருகுவார்களாம்.

எங்களிடம் இருப்பது துரைமார் கிளப்பை மூடியபோது வந்த அப்ரைட் பியானோ. கடைசியாக எப்போது டியூன் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. திருகாணி என்றதும் பொருளாளர் பயந்துவிட்டார். இன்னொருவர், “காத்து ஊதுற சத்தத்துக்குப் பத்து வெள்ளி டிக்கெட்டா?” என்கிறார். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வைக்கலாம், 300 நாற்காலி போடலாம், நல்ல மைக் செட்டும் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் யோசனை என்ன?

மண்டபக் குழுச் செயலாளர்
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கச்சேரியை அவசியம் நடத்துங்கள். ஆனால் இரவு 8 மணி வேண்டாம், 300 நாற்காலி வேண்டாம், மைக் செட் வேண்டவே வேண்டாம். பொருளாளரின் பயத்தில் பாதி நியாயம் இருப்பதால் பியானோவிலிருந்தே தொடங்குகிறேன்.

இளைஞர்களுக்குப் பதில் எழுதும் முன் ஈப்போவிலிருந்து ஒரு டியூனரை வரவழைத்துக் காட்டுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பியானோவின் நடு ஏ சுரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்கு ஏறுமா என்பது. பல வருடம் தொடாத பியானோ சுருதி இறங்கிக் கிடக்கும். ஒரே நாளில் ஏற்றினால் துருப்பிடித்த கம்பி அறுந்துவிடும் என்று டியூனர் பயப்படுவார். “435-இல் நிறுத்திக்கொள்ளலாம்” என்று அவர் சொன்னால் பியானோவுக்கு அது நல்லது, புல்லாங்குழலுக்குச் சிக்கல். 435 என்பது 440-ஐ விட 20 சென்ட் கீழே. அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் சென்ட். சுருதி இறங்கக் குழலின் தலைப்பகுதியை வெளியே இழுப்பார்கள். நடு ஏ சுரத்தை 20 சென்ட் இறக்க ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் இழுத்தால் போதும். கீழ் சி சுரத்துக்கு அதே இறக்கம் வேண்டுமானால் 7 மில்லிமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விலகும்.

நம் ஊர்ச் சூடும் இதோடு சேர்ந்துகொள்ளும். காற்று ஒரு டிகிரி சூடானால் புல்லாங்குழலின் சுருதி 3 சென்ட் ஏறப் பார்க்கும். வாசிப்பவரின் மூச்சே குழலைச் சூடாக்கி வைத்திருப்பதால் முழு ஏற்றமும் தெரியாது. ஆனாலும் 31 டிகிரி மண்டபத்தில் குழல் மேலே போகும், 435 பியானோ கீழே இருக்கும். அப்படியானால் இருவரும் சேர்ந்து வாசிக்கும் ‘காராக்’ நடக்காது. தனிக் குழலுக்கான ‘டென்சிட்டி’யும் ‘செக்வென்சா’வும் தப்பிக்கும். இதை ஒரு மாதம் முன்பே தெரிந்துகொண்டால் பட்டியலை மாற்ற அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

440-க்கு ஏறும் என்றால் டியூனர் இரண்டு முறை வர வேண்டும். இரண்டு வாரம் முன்பு ஒரு முறை, கச்சேரிக்கு முந்தின நாள் ஒரு முறை. ஒரே தடவையில் ஏற்றிய சுருதி நிற்காது. மண்டபத்தில் ஏர்கோன் இருந்து, அதைக் கச்சேரி நேரத்துக்கு மட்டும் போடுவதாக இருந்தால் போடாமலே விடுங்கள். ஈரத்தில் ஊறிய ஒலிப்பலகை திடீரென்று காய்ந்தால் நடு ஸ்தாயி முதலில் நகரும். டியூன் செய்யும்போது மண்டபம் எப்படி இருந்ததோ, வாசிக்கும்போதும் அப்படியே இருக்கட்டும்.

இனித் திருகாணி. பியானோவில் 220-ஐ ஒட்டிக் கம்பிகள் இருக்கின்றன, அவற்றின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கு மேல். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஒரு சின்னத் திருகாணி ஒன்றும் செய்யாது. கெடுதல் வருவது வேறு வழிகளில். கனத்த ஒலி தரும் பாஸ் கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் செம்பில் கீறல் விழும். வியர்வை உப்பால் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். அடையாளத்துக்கு ஒட்டும் டேப்பின் பசை சூட்டில் இளகிக் கம்பியோடு தங்கிவிடும். அப்ரைட் பியானோவில் இன்னொன்றும் உண்டு: கம்பிகள் நெட்டாக நிற்பதால் செருகிய பொருள் நழுவினால் நேராகச் சுத்திகளுக்குள் விழும். கம்பிகள் படுத்திருக்கும் கிராண்ட் பியானோவில் ஒலிப்பலகை மேல் விழுந்ததைப் பொறுக்கி எடுத்துவிடலாம். அப்ரைட்டில் அது சுத்திக்கும், கம்பியின் அதிர்வை அடக்கும் டாம்பருக்கும் இடையே மாட்டினால் கட்டை அமுங்காது, நடுக்கச்சேரியில் பலகைகளைக் கழற்ற வேண்டி வரும்.

இளைஞர்களிடம் இப்படிச் சொல்லுங்கள். செம்பு சுற்றிய பாஸ் கம்பிகளில் உலோகம் கூடாது. வெறும் எஃகுக் கம்பிகள் மூன்று மூன்றாக இருக்கும் மேல் பகுதியில் மட்டும், எஃகை விட மென்மையான பித்தளைத் திருகாணி போடலாம். கம்பிகளுக்கு நடுவே தானாக நிற்கும் அளவு பருமன் போதும், திருகி நுழைத்துக் கம்பியை விலக்கும் அளவு கூடாது. செருகும்போது வலது பெடலை ஒருவர் மிதித்து டாம்பர்களை விலக்கி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியிலும் நூல் கட்டி, நூலின் மறுமுனையை மேலே சட்டத்தில் கட்டிவிட்டால் நழுவினாலும் தொங்கும். ரப்பருக்கும் கம்பளித் துண்டுக்கும் இவ்வளவு கவலை வேண்டாம். கேட்டால் டியூனரே அவருடைய துண்டுகளைக் காட்டுவார். எத்தனை போட்டார்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிப் பார்ப்பது குழுவின் வேலை. மீன் தூண்டில் நரம்பில் வயலின் வில்லுக்குப் பூசும் ரோசின் பிசினைத் தடவிக் கம்பிகளை இழுத்து வாசிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்டால் மறுத்துவிடுங்கள், ரோசின் பொடி கம்பியை விட்டு எளிதில் போகாது.

திருகாணி செருகிய கம்பி சின்ன மணி போலவோ தாம்பாளம் போலவோ ஒலிக்கும், ரப்பர் வைத்தது மத்தளத்தின் தொப்பிப் பக்கம் போல மொத்தென்று விழும். 1940-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒரு நடனத்துக்கு இப்படிப் பியானோவைத் தயார் செய்ததற்குக் காரணமே, அந்த அரங்கில் தாளக் கருவிகளை வைக்க இடமில்லாததுதான். சின்ன மண்டபத்துக்கென்றே பிறந்த முறை என்று பொருளாளரிடம் தயங்காமல் சொல்லலாம்.

‘தி பேன்ஷி’ பற்றித்தான் எனக்குத் தயக்கம். பேன்ஷி என்பது ஐரிஷ் கதைகளில் ஓலமிடும் பெண் ஆவி. 1925-இல் எழுதியது. ஒருவர் கட்டைகளின் முன் உட்கார்ந்து வலது பெடலை முழு நேரமும் மிதித்திருக்க, வாசிப்பவர் கிராண்டின் வளைவில் நின்று கம்பிகளை விரல் சதையாலும் நகத்தாலும் நீளவாக்கில் உராய்வார். பாஸ் கம்பியின் செம்புச் சுற்றின் மேல் விரல் ஓடும்போதுதான் அந்த ஓலம் எழும். அப்ரைட்டில் கீழ்ப்பலகையைக் கழற்றினால் பாஸ் கம்பிகளின் கீழ்ப்பகுதி மட்டும் கைக்கு எட்டும், நடுவில் கட்டைகளும் சுத்திகளும் மறிக்கும். நீண்ட இழுப்பு கிடைக்காமல் குட்டைக் கீறல்களாகவே வரும். கிராண்ட் வாடகைக்குக் கிடைக்காவிட்டால் இந்த உருப்படியை விட்டுவிடச் சொல்வதே மரியாதை. அரைகுறையாகக் கேட்டவர்களுக்கு அதுதான் ‘பேன்ஷி’ என்று பதிந்துபோகும். கிராண்ட் கிடைத்தால் தொடும் முன் கையைக் கழுவித் துடைப்பதும், முடிந்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைப்பதும் கட்டாயம். எண்ணெய், தண்ணீர் எதுவும் படக்கூடாது. அடையாளங்களை டாம்பர் தலையில் சின்னத் தாளாக ஒட்டி அன்றே பிரித்துவிட வேண்டும்.

அடுத்து மண்டபமும் நேரமும். இந்த இசையில் உள்ள சில ஒலிகள் எவ்வளவு சின்னவை என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது புரியும். மூச்சை மிக மெல்ல விட்டுக் குழலின் உச்ச ஒலிகளை மட்டும் எழுப்பும் சீழ்க்கை ஒலி ஒன்று உண்டு, கூரை விசிறி சுற்றினால் நான்காவது வரிசைக்கே கேட்காது. இரண்டு சுரங்களை ஒரே மூச்சில் நிறுத்துவதை ‘செக்வென்சா’ கேட்கிறது. மூச்சின் அழுத்தம் இம்மி கூடினாலும் குறைந்தாலும் ஒன்று ஓடிவிடும் என்பதால் அதை உரக்க வாசிக்க முடியாது. குழலின் துளையை மூடும் சாவியைத் தட்டினாலே ஒரு சுரம் பிறக்கும். ‘டென்சிட்டி’யில் மெல்ல ஊதிக்கொண்டே சாவியைத் தட்டும் இடத்தில் யாராவது பிளாஸ்டிக் நாற்காலியில் அசைந்தால் எது குழல், எது நாற்காலி என்று தெரியாது.

ஆகவே 60 நாற்காலி, அதற்கு மேல் வேண்டாம். பியானோவை மேடையிலிருந்து தரைக்கு இறக்கி, சுற்றி அரைவட்டமாக நாலு வரிசை போடுங்கள். கடைசி வரிசையும் 7 மீட்டருக்குள் இருக்கட்டும். மேடைத் திரைச்சீலை சின்ன ஒலிகளை விழுங்கிவிடும். மைக் வைத்தால் வாய்க்காற்று நேராக அதில் மோதிப் புடைக்கும். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் இரைச்சலும் கூடும். செட்டை அணைத்துவிட்டு பிளக்கையும் பிடுங்கி வையுங்கள்.

நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை. இரவு 8 மணிக்குத் தொடங்கினால் எட்டரையை ஒட்டி இஷா தொழுகை அழைப்பு வரும், அதை அனுசரித்து நேரம் வைப்பது நம் கடமை. மாலை என்றால் மழை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பேராக்கில் நாலு மணிக்கு மேல் அடிக்கும் மழை உங்கள் தகரக் கூரையில் விழுந்தால் குழல் மட்டுமல்ல, பியானோவும் கேட்காது. ஞாயிறு காலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் குறைவு. கோயில் திருவிழா நாளா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணியிலிருந்தே விசிறிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு உருப்படிக்கும் முன் நிறுத்தி, முடிந்ததும் போடுங்கள். சுவிட்சுப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு ஆள் வேண்டும். மொத்தம் 50 நிமிடம் போதும், இடைவேளை வேண்டாம். பலகாரமும் தேநீரும் கடைசியில்.

விசிறியும் லோரியும் இசையின் ஒரு பகுதிதானே என்று யாராவது கேஜைச் சுட்டுவார்கள். 1952-இல் அவர் எழுதிய 4 நிமிடம் 33 விநாடி அமைதிக்கு அது பொருந்தும். பெரியோ தன் அமைதிகளை அளந்து வைத்தவர். 1958-இல் கம்பிவேலியில் குருவி உட்கார்ந்தது போல இடைவெளி பார்த்து வாசிக்கும்படி எழுதியதை, வாசிப்பவர்கள் இஷ்டத்துக்கு நீட்டுகிறார்கள் என்பதால் 1992-இல் வழக்கமான தாளக் குறிகளோடு திருத்தி எழுதினார். அந்த அமைதியை லோரிக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

கடைசியாக, “காத்து ஊதுற சத்தம்”. உங்கள் குழு உறுப்பினர் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது, அது காற்றுதான். அதை ஒளிக்காமல் முன்னால் கொண்டுவருவதே இந்த இசையின் வேலை. உறுமி மேளத்தில் வளைகுச்சியைத் தோலில் தேய்க்கும் உறுமலை நம் ஊர்ப் பிள்ளைகள் சத்தம் என்று தள்ளுவதில்லை. தட்டு எங்கே, தேய்ப்பு எங்கே என்று பிரித்துக் கேட்கிறார்கள். அந்தக் காது போதும். நீண்ட உரை வேண்டாம். தொடங்கும் முன் குழல் வாசிப்பவர் மூன்று நிமிடம் ஒலிகளைத் தனித்தனியாகக் காட்டட்டும்: சாவித் தட்டல், ஊதும் துளையை வாயால் மூடி நாக்கால் அடித்தால் விரல் வைத்த சுரத்துக்கு ஏழாம் சுரம் கீழே விழும் ஒலி, ஊதிக்கொண்டே தொண்டையில் பாடுவது. பிறகு அவை பாட்டுக்குள் வரும்போது அறிமுகமானவர்களாக வரும்.

வரிசையையும் மாற்றச் சொல்வேன். ‘காராக்’ முதலில். 1963-இல் கொரியரான இசாங் யுன் எழுதியதில் ஒரு சுரம் நீண்டு நின்று, அசைந்து, வழுக்கி, உள்ளேயே உயிர் பெறும். கமகம் கேட்டுப் பழகிய காது அங்கே வழி கண்டுகொள்ளும், ராகத்தைத் தேடாமல் இருந்தால். அடுத்து ‘டென்சிட்டி’: குழல் கலைஞர் ஜார்ஜ் பாரேரின் பிளாட்டினக் குழலுக்காக 1936-இல் எழுதியது, பெயரில் உள்ள எண் அந்த உலோகத்தின் அடர்த்தி. உச்ச டி சுரம் முழு உரத்தில் வரும், முன்வரிசையில் கைக்குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். பிறகு ‘செக்வென்சா’. கடைசியில் திருகாணி உருப்படி. பியானோவை அதற்குத் தயார் செய்ய இருபது நிமிடம் ஆகும். அதைத் திரைக்குப் பின்னால் செய்யாமல் விசிறிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து வந்து பார்க்கும்படி செய்யட்டும். பொருளாளர் முதலில் நிற்கட்டும், திருகாணிகளை எண்ணுவதும் அவரே.

டியூனர் வந்து போனதும் 440-ஆ, 435-ஆ என்று எழுதுங்கள். 435 என்றால் ‘காராக்’ இடத்தில் தனிக் குழலுக்கு எதை வைக்கலாம் என்று சொல்கிறேன்.