பென்குயினுக்குக் குளிர் பழகிவிட்டது, ஈரம் பழகவில்லை

கேள்வி: பென்குயின்கள் கல் பொறுக்கிக் கூடு கட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முட்டைக்குக் கல் மெத்தையா? (வாசகி, தேனி)

பதில்: அண்டார்டிக்கக் கரையோரத்து அடேலி பென்குயினுக்குக் கூடு கட்டப் புல்லும் கிடையாது, சுள்ளியும் கிடையாது. அங்கே கிடைப்பது கல்தான். மெத்தைக்காக அல்ல, வடிகாலுக்காகவே அதை அடுக்குகிறது. அக்டோபரில் ஆண் பறவை முதலில் வந்து, பனி விலகிய மேட்டுப்பாறையில் இடம் பிடிக்கும். நவம்பரில் இரண்டு முட்டைகள். வெயில் ஏற ஏறப் பனி உருகிக் கூட்டுக்கு அடியில் ஓடும். கல் குறைந்த கூட்டில் முட்டை நீரில் நனைந்து, உள்ளே கரு குளிர்ந்து செத்துவிடும். அதனால்தான் அத்தனை கல் திருட்டு! பக்கத்துக் கூட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

கேள்வி: அடைகாக்கும் பறவைக்குச் சாப்பாடு யார் கொண்டுவருவார்கள்? (வாசகர், சிவகாசி)

பதில்: யாரும் கொண்டுவர மாட்டார்கள். முட்டையிட்டதும் தாய் கடலுக்குப் போய்விடும். முதல் முறைக்காவல் தந்தையுடையது, ஏறக்குறைய இரண்டு வாரம். கரையேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் அதன் பட்டினி ஒரு மாதத்தைத் தாண்டிவிடும். உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பே அத்தனை நாளும் சோறு. தாய் திரும்பியதும் ஆள் மாறும். மொத்தம் 32 முதல் 34 நாளில் குஞ்சு பொரியும். கடலுக்குப் போன துணை வரத் தாமதமானால், பசி தாங்காத பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும். அதற்காகவே ஸ்கூவா என்ற கொள்ளைப் பறவை காத்திருக்கும்.

கேள்வி: நீரிலேயே வாழும் பறவைக்கு மழை என்ன செய்துவிடும்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெரிய பறவைக்கு ஒன்றும் ஆகாது. நெருக்கமான, எண்ணெய் பூசிய இறகு அதைக் காக்கும். குஞ்சின் சாம்பல் நிறப் பஞ்சுத்தூவி அப்படியல்ல, நனைந்தால் சூட்டைப் பிடித்துவைக்காது. உண்மையான இறகு முளைத்துக் கடலில் இறங்க 50 முதல் 60 நாள் ஆகும். மூன்று வாரம் பெற்றோரில் ஒருவர் அருகிலேயே இருப்பார். பிறகு பசி கூடுவதால் இருவரும் இரைதேடப் போக, குஞ்சுகள் கூட்டமாக ஒண்டி நிற்கும். அந்த நேரத்து மழைதான் ஆபத்து. கிழக்கு அண்டார்டிக்காவின் அடேலி லாண்ட் பகுதியில், பிரெஞ்சு ஆய்வு நிலையத்தை ஒட்டிய பென்குயின் குடியிருப்பில், 2013-14 பருவத்தில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. மழையில் நனைந்தவை பின்வந்த குளிரில் விறைத்தன. கடற்பனி வழக்கத்தைவிட அகலமாக உறைந்து கிடந்ததால், கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தேடிப் போன பெற்றோரும் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. 2016-17இலும் அதே இடத்தில் பனி விலகவில்லை. 18,000 இணைகளுக்குத் தப்பியவை இரண்டே குஞ்சுகள்.

கேள்வி: பனிக்கரடி பென்குயினைத் தின்னுமா? (வாசகி, திருவாரூர்)

பதில்: கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. கேலிச்சித்திரக்காரர்கள்தான் இரண்டையும் ஒரே பனிக்கட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அடேலி அஞ்சுவது, பனி விளிம்புக்குக் கீழே பதுங்கியிருக்கும் சிறுத்தைச் சீலுக்கு. அதனால்தான் நீரில் இறங்கும் முன் கூட்டமாக நின்று தயங்கும். ஒன்று குதித்தால் மற்றவையும் சரசரவென்று குதித்துவிடும்.