கான்ஜி எப்போதுதான் முடியும்?

கேள்வி: சில வருடங்களாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலை பாஸ். ஆனால் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் படிக்கப் படிக்க மறக்கின்றன. விட்டுவிடலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: என்3 தேறிய பிறகா விடுவது! அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு 2010-ல் திருத்திய பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகளே தொடக்கப் பள்ளியின் ஆறு வருடத்தில் 1,026தான் படிக்கிறார்கள். அதுவும் கடைப் பலகை, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் அதே எழுத்தில் இருக்கும் நாட்டில். பெரம்பூரில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? மறக்கத்தான் செய்யும்.

தனித்தனியாக எழுதித் தள்ளாமல் குடும்பம் குடும்பமாகப் பிடியுங்கள். நீலத்துக்கான எழுத்தோடு நீர்க்குறி சேர்ந்தால் தூய்மை, சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம், பேச்சுக்குறி சேர்ந்தால் வேண்டுகோள். மூன்றுக்கும் ‘ஸே’ என்று நீளும் ஒலி உண்டு. எனக்குக் கான்ஜி பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

அப்புறம், பாடப்புத்தகம் சலித்தால் சிறுவர் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) வாசியுங்கள். கான்ஜிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் உச்சரிப்பு அச்சிட்டிருப்பார்கள். மின்சார ரயிலில் நின்றுகொண்டே படிக்கலாம் (இடம் கிடைத்தால் உட்கார்ந்து).

டிசம்பரில் அடுத்த நிலையான என்2 எழுதுங்கள். கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிப்பதுதான், கையால் ஒரு கான்ஜிகூட எழுத வேண்டாம்.