வீட்டு ரெக்கார்டிங்: கேள்வி பதில்

அண்ணா, கரோக்கிக்குப் பாடி ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிகிறேன். தாளத்தோடுதான் பாடுகிறேன், போட்டுக் கேட்டால் குரல் பின்தங்குகிறது.

உங்கள் மேல் தப்பில்லை. ஒலி கணினிக்குள் போய்வர எடுக்கும் நேரம் அது. அதை ஈடுகட்ட ஆடாசிட்டி −130 மில்லிசெகண்ட் என்று தானாகவே வைத்திருக்கும். உங்கள் கருவிக்கு அது பொருந்தாமல் போகலாம். ஜெனரேட் மெனுவில் ஒரு ரிதம் டிராக் உருவாக்குங்கள், சீராக 'டிக் டிக்' என்று ஒலிக்கும். ஹெட்போனை மைக்கோடு ஒட்டிவைத்து, அந்த 'டிக்'கையே இன்னொரு டிராக்கில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு டிராக்கிலும் 'டிக்' தொடங்கும் இடங்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். பதிந்தது 40 மில்லிசெகண்ட் பிந்தியிருந்தால் −170, முந்தியிருந்தால் −90 என்று அந்த −130 இருக்கும் செட்டிங்கில் மாற்றுங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அப்புறம், சத்தத்தின் உச்சம் −12 டெசிபலைத் தாண்டாமல் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, வையுங்கள்.

இசை அமைக்கும் மென்பொருளான எல்எம்எம்எஸ்ஸில் பாட்டு பதிய முடியுமா?

1.2 பதிப்பில் முடியாது. இசையை அதில் அமைத்து, குரலை ஆடாசிட்டியில் பதியுங்கள்.

சார், குரல் கரகரக்கிறது. எந்த பிளக்இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) போடலாம்?

கெயினைக் குறையுங்கள். −12. மேலே சொன்னேனே.

விண்டோஸில் ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 10 நிமிடத்தில் மௌனமாகிவிடுகிறது. கட்டற்ற மென்பொருள் என்றார்கள், காசு கேட்கிறதே?

நீங்கள் இறக்கியது இலவச டெமோ, அது அப்படித்தான். மூலநிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது, யாரும் எடுத்து பில்ட் செய்துகொள்ளலாம், அதாவது இயங்கும் மென்பொருளாக மாற்றிக்கொள்ளலாம். பில்ட் செய்த கோப்பு நேராக வேண்டுமென்றால்தான் பணம். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களின் களஞ்சியங்களில் காசில்லாமலே கிடைக்கும்.

அப்படியென்றால் இது வியாபாரம்தானே? பெயருக்குத்தான் கட்டற்றது!

வியாபாரம்தான், அதில் என்ன குற்றம்? விற்கக் கூடாது என்று ஜிபிஎல் சொல்லவில்லை. வாங்கியவர் மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அந்த உரிமையைத் தடுக்கத்தான் கூடாது. ஆர்டோரைத் தொடங்கிய பால் டேவிஸ் பல வருடங்களாக இதை எழுதிவருகிறார், அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டாமா?

ரீப்பரும் 60 நாள் இலவசம்தானே, என்ன வித்தியாசம்?

ரீப்பர் நல்ல மென்பொருள். மூலநிரல் தரமாட்டார்கள். வித்தியாசம் அதுதான், விலையைப் பற்றி நான் பேசவே இல்லை.

ஆனாலும் காசு காசுதானே அண்ணா?

சரி, ஆடாசிட்டியிலேயே இருங்கள். 3.2 பதிப்பு முதல் எதிரொலி போன்ற எஃபெக்டைப் பாட்டு ஓடும்போதே மாற்றிக் கேட்கலாம். ஒரு பாடகருக்கு அது போதும்.

சுருதிப் பெட்டி ஆப்பின் சத்தம் என் குரலோடு சேர்ந்து பதிகிறது.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். புளூடூத் இல்லாதது.

மிருதங்கத்துக்கு எத்தனை மைக்?

அதை மிருதங்கம் பதிந்து பழகியவரிடம் கேளுங்கள். எத்தனை வைத்தாலும் உச்சம் −12.